பொக்கை வாய்க் காரில் போன மாப்பிள்ளை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். பாப்பாரப்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தேன், பெண் மாரண்டஹள்ளி. அங்கே மாதா கோயிலில் பூசை முடித்த கையோடு சாமியார் இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். அதனால் மணி அடிப்பதற்குள் மாப்பிள்ளை வாசலில் நிற்க வேண்டும் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

கார் எங்களுடையதல்ல. கடைவீதியில் மண்டி வைத்திருந்த பாயுடையது. எந்தக் காலத்திலோ சீமையிலிருந்து வந்த கறுப்பு பிளஷர் கார். அடுத்த வாரம் அவர் மகளுக்கு நிக்காஹ். அதற்காகப் புதுப் பெயிண்ட் அடித்து, முகம் பார்த்துத் தலைவாரலாம் என்கிற மாதிரி வைத்திருந்தார். நான் கேட்கக்கூட இல்லை. "மொதல்ல ஒங் கல்யாணத்துக்கு ஓடட்டும் தம்பி, வண்டிக்கு ராசி வரட்டும்" என்று டிரைவரோடு அனுப்பிவிட்டார்.

விடிந்ததும் என் அக்கா காரைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் பல்வரிசை மாதிரி பளபளவென்று நிற்கும் கிரில்லில், இடுக்கு விடாமல் மஞ்சள் சாமந்தியைக் காம்போடு செருகி, நடுவில் வெள்ளைச் சாமந்தியால் ஒரு சிலுவையும் வைத்தாள். "காரே கோயில்ல புதுநன்மை வாங்கப் போற புள்ள மாதிரி அலங்காரமா இருக்குது" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பாலக்கோடு தாண்டியதும் கார் புஸ்ஸென்று ஆவி விட்டுக்கொண்டு புளியமரத்தடியில் நின்றது. இறங்கிப் பார்த்தால் சிலுவையைக் காணோம். காற்று அத்தனை பூவையும் உள்ளே தள்ளி, ரேடியேட்டர் மேல் மெத்தை மாதிரி அப்பியிருந்தது. இடுக்கில் விரல் நுழையவில்லை.

"கிரில்லைக் கழட்டணும்" என்றேன்.

டிரைவர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, பெயிண்டு இன்னும் பச்சையா இருக்குது. அந்தப் பெயிண்டர் கிரில்லு ஓரத்து மேலயே இழுத்து அடிச்சு வச்சிருக்கான். பிடுங்குனா பாடியில இருந்து தோலோட வரும். அடுத்த வாரம் பாய் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

எனக்கும் அதே கவலைதான். மகள் கல்யாணத்துக்குப் பூட்டி வைத்ததை எடுத்துக் கொடுத்த மனுஷன். ஒரு கீறல் விழுந்தாலும் என் கல்யாணம் எனக்கே கசந்துவிடும்.

புதுக் கோட்டைக் கழற்றி மட்கார்டு மேல் விரித்தேன்.

"டேய், பொத்தான்!" என்று அலறினாள் அக்கா. "பொத்தானு பெயிண்ட்டுல கோலம் போடும்டா. திருப்பிப் போடு!"

உள்துணி பெயிண்டின் மேல் படும்படி திருப்பிப் போட்டேன். அக்கா தன் கொண்டை ஊசியைப் பிடுங்கிக் கொடுத்தாள். அந்த ஊசியால் திருகாணித் தலைகளில் அடைந்திருந்த பெயிண்டை நோண்டி எடுத்த பிறகுதான் திருப்புளி பிடித்தது. திருகாணிகள் கழன்று வந்துவிட்டன. கிரில் அசையவில்லை. விளிம்பில் பெயிண்ட் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது.

"கத்தி வேணாம்" என்றார் டிரைவர் அண்ணன், அழுதுவிடுவார் போல.

"கத்தி யாருக்கு வேணும்?" என்று அக்கா பூ கட்டுகிற நூலை எடுத்து, தலையில் இருந்த எண்ணெயிலேயே தேய்த்து நீட்டினாள். டிரைவர் அண்ணனும் நானும் ஆளுக்கொரு முனை பிடித்து, விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே மெல்ல இழுத்தோம். பெயிண்ட் பிசிறில்லாமல் பிரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க தம்பி, கை ஆடுது!"

அதைக் கேட்டு அக்காவும் சிரிக்க, அவளைப் பார்த்து அவரும் சிரிக்க, நூலை விட்டுவிட்டு மூவரும் மரத்தடியில் உட்கார்ந்தே சிரித்தோம். அப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாய்க்காமல் நேரே மேலே தூக்கினோம். வந்துவிட்டது!

கூடை கொள்ளாத பூவை வாரிக் கொட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். கிரில்லை மறுபடி மாட்ட நேரமில்லை. அக்கா அதைப் பட்டுப்புடவை முந்தானையில் பொதிந்து, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். "குலுக்காம ஓட்டுங்கண்ணா, புள்ள முழிச்சுக்கும்."

நாங்கள் போய் நிற்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பெண் வீட்டார் காரையே பார்த்தார்கள். "மாப்ளைக்கு வயசு கம்மிதான், காருக்குத்தான் பல்லு கொட்டிருச்சு" என்று யாரோ சொல்ல, கோயில் வாசலே குலுங்கியது. அவசரத்தில் நான் கோட்டை உள்வெளியாகப் போட்டிருந்தேன். முக்காட்டுக்குள் பெண்ணின் தோள் குலுங்கியதை வைத்துத்தான் அது எனக்கே தெரிந்தது.

சாயங்காலம் நிதானமாகக் கிரில்லை மாட்டி, பெண்ணோடு நேரே பாய் வீட்டுக்குப் போனோம். டிரைவர் அண்ணன் ஒரு வார்த்தை மறைக்கவில்லை. பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விளிம்பு நெடுக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்களும் பின்னாலேயே நகர்ந்தோம். ஓரிடத்தில் விரல் நின்றது. நகத்தால் மெதுவாக எடுத்தார். ஒரு சாமந்தி இதழ்.

அதை என் மனைவியின் கையில் வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, அடுத்த வாரம் எங்க வண்டிக்கும் நீங்கதான் பூ வைக்கணும். என்ன ஒண்ணு, கூரை மேல வச்சிருங்க."