போல்ட் போடாத பட்டறை

எங்கள் வீட்டின் பின்சமையல்கட்டு பத்தடி நீளம், ஆறடி அகலம். தங்கா பத்துவில் வரிசை வீடு வாங்கிய எல்லோரையும் போல நாங்களும் வீட்டுக்குப் பின்னால் கிடந்த வெற்றிடத்துக்குத் தகரக் கூரை போட்டு, ஒரு சிமெண்டு மேடை கட்டி, கேஸ் அடுப்பை அங்கே கொண்டுபோனோம். மீன் பொரிப்பதும் சம்பால் வதக்குவதும் அங்கேதான். உள்ளே இருக்கும் சமையலறை தேநீர் போடுவதற்கும், வருகிறவர்கள் கண்ணுக்குப் பளபளவென்று இருப்பதற்கும். பின்கட்டு முழுக்க என் மனைவியின் ராஜ்ஜியம். நான் அங்கே எட்டிப் பார்த்தால் "என்ன வேணும்?" என்பாள். ஒன்றும் வேண்டாம் என்றால் "அப்ப வழியில நிக்காதீங்க" என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்பு எங்கள் மகள் ஜொகூர் பாருவில் சாப்பாட்டு ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கும் தொழிலை ஆரம்பித்தாள். "அம்மா, ஆறு மாசம் வந்து கை குடுங்க. ஆள் கிடைச்சதும் அனுப்பிடுறேன்" என்றாள். மனைவி இரண்டு பையோடு பஸ் ஏறினாள். ஆறு மாதம் பத்து மாதமாயிற்று. ஆள் கிடைத்தார்கள், நான்கு பேர். ஆனால் அந்த நான்கு பேருக்கும் சொல்லிக் கொடுக்க அவள் வேண்டியிருந்தது. அதற்குள் நான் தொழிற்சாலை ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கத்தி செய்யும் ஆசை சின்ன வயதிலிருந்தே இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் வெங்காயம் நறுக்கப் போனபோது கத்தி மழுங்கியிருந்தது. தீட்டினேன். நறுக்க இருந்தது ஒரே ஒரு வெங்காயம். மீதி நாளை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டிலிருந்த எல்லாக் கத்திகளையும், கத்திரிக்கோலையும், தேங்காய் உடைக்கும் அரிவாளையும் தீட்டி முடித்தேன். மறுநாள் தீட்ட எதுவும் மிச்சமில்லை. சரி, புதிதாக ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் கதை.

சிம்பாங் அம்பாட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் லாரி ஸ்பிரிங் பட்டை இரண்டு பொறுக்கினேன். கடைக்காரர் நம்மவர்தான். "ஸ்பிரிங் வாங்கிட்டீங்க அங்கிள், லாரி எப்பலா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அன்றைக்கு நான் பேசிய ஒரே ஆள் அவர் என்பதால் எனக்கும் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் துருப்பிடித்த இரும்புகளைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

பட்டறை வைக்கப் பின்கட்டைத் தவிர வேறு இடம் இல்லை. முன்பக்கம் கார் நிற்கிறது; அறைக்குள் பொறி பறக்கவிட எனக்கு இன்னும் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். எதைச் செய்தாலும் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடும்படி செய்ய வேண்டும். சுவரில் ஆணி கூடாது, மேடையில் ஓட்டை கூடாது. அவள் வருவாள், வரும்போது அவள் இடம் அவளுக்கு வேண்டும். அடுப்பைக்கூட வெளியேற்றாமல் மூலைக்குத் தள்ளி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்தேன். முப்பது வருடம் மெஷின்களைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியே சம்பளம் வாங்கியவன், இரும்பைத் தேய்க்கும் என் சொந்த பெல்ட் கிரைண்டரை மட்டும் ஒரு மரப் பெஞ்சில் இரண்டு கிளாம்பு போட்டுப் பிடித்து வைத்தேன். ஓடவிட்டால் பெஞ்சு ஆடும். பெஞ்சு ஆடினால் கத்தியின் சாய்வு கோணும். முதல் நான்கு கத்திகளும் கோணல்தான்.

கோணலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தூசுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பெல்ட்டில் இரும்பு பட்டதும் பொறியாகப் பறக்கும். பொறி அணைந்ததும் கறுப்பு மாவாகி எங்கும் படியும். அதை உறிஞ்சி வெளியே தள்ளட்டும் என்று காற்றாடி ஒன்றை ஜன்னலில் செருகினேன். என் வீட்டுக்கு வெளியே என்றால் அடுத்த வீட்டுக்கு உள்ளே என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் அடுத்த வீட்டு மலாய் அக்கா சட்டை மாட்டும் ஹேங்கர் ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி வாசலில் நின்றார். அதில் தொங்கிய வெள்ளைச் சட்டையில் கறுப்புப் புள்ளி. "அங்கிள், தெங்கோக் பாஜு சயா!" என் சட்டையைப் பாருங்கள் என்கிறார். பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் போன பிறகு காற்றாடியைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகு கிரைண்டருக்கு அடியில் தண்ணீர் வாளி வைத்துப் பொறியை அதற்குள் விழவைத்தேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய குளியலறைத் திரையை, தங்கமீன் படம் போட்டது, மெஷினைச் சுற்றித் தொங்கவிட்டேன். தரையைப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். பிளாஸ்டிக் பைக்குள் ஒரு காந்தத்தைப் போட்டுத் தரையில் இழுத்தால் கறுப்புத் தூசு மயிர்மயிராய் ஒட்டிக்கொள்ளும்; பையைத் திருப்பிப் போட்டால் மொத்தமும் உள்ளே. இரும்பு அரைக்கும் நாளில் மரம் தொடக் கூடாது என்பதையும் கற்றேன். மரத்தூள் கிடந்த பெட்டிக்குள் ஒரு பொறி விழுந்து புகைய ஆரம்பித்ததைப் பார்த்த பிறகு கற்றேன். இத்தனைக்குப் பிறகும் தூசு உள்ளே வந்தது. அரிசி டின் மூடியில், சாமி படத்துக் கண்ணாடியில், தலையணை உறையில். கோப்பைகளை எல்லாம் அலமாரியிலிருந்து எடுத்து மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தேன்.

வேலை செய்யும்போது இரண்டு பக்கமும் உருண்டை வடிகட்டி வைத்த முகமூடி போட்டுக்கொள்வேன். அதற்குள் என் மூச்சு எனக்கே கேட்கும். காலையில் போட்டு மதியம் கழற்றினால், அதுவரை ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன். யாராவது போனில் கூப்பிட்டால் 'ஹலோ' துருப்பிடித்துத்தான் வெளியே வரும். கத்தியைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் கலகலப்பு. நான் முக்கியது சமையல் எண்ணெயில். இரும்பு உள்ளே போனதும் சுர்ரென்று சீறி, தெரு முழுக்கப் பலகாரம் சுடும் வாசம் அடிக்கும். அடுத்த வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "கோரேங் பீசாங்கா அங்கிள்?" என்று கேட்டார். வாழைப்பழம் இல்லை, கத்தி பொரிக்கிறேன் என்றேன். அன்று மதியம் மஸ்ஜித் தானா டவுனில் பொட்டலச் சோறு வாங்கி, அந்த எண்ணெய் வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வாசம் வந்தால் வீட்டில் நாலு பேர் இருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவி தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். நான் கூடத்தில், வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். கத்தி செய்வதைச் சொல்லியிருந்தேன். அதை அவள் பின்கட்டில் வைத்துச் செய்வதைச் சொல்லவில்லை.

"என்னாங்க, மூக்கு ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு?"

"மீசைக்கு மை போட்டேன், கொஞ்சம் வழிஞ்சிருச்சு."

"இந்த வயசுல யாருக்கு?" என்று சிரிப்பாள். பின்னால் பெரிய அண்டாக்கள் தெரியும். யாரோ "ஆன்ட்டி, உப்பு பாருங்க" என்பார்கள். "வச்சிடுறேன்" என்று வைத்துவிடுவாள்.

போன வருடம் தீபாவளி ஆர்டர்கள் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு நாள் வந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளுக்காக ஒரு கத்தி செய்ய ஆரம்பித்தேன். காய்கறி வெட்டும் சின்னக் கத்தி. பழைய கதவு நிலையில் எடுத்த மெர்பாவ் மரத்தில் பிடி. அவள் உள்ளங்கை எவ்வளவு அகலம் என்று யோசித்தேன். கண்ணை மூடினால் தெரிந்தது. அந்தக் கத்தி கோணவில்லை.

அதைக் கெடுத்தது என் பக்திதான். ஆயுத பூசை வந்தது. தொழிற்சாலையில் வருடாவருடம் மெஷின்களுக்குப் பொட்டு வைத்த கை. கிரைண்டர், சுத்தியல், அரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். புதுக் கத்தியின் அலகிலும் சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து மூன்று பொட்டு வைத்தேன். பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் பூசை முடியும்வரை தொடக் கூடாதே, தொடவில்லை. தொழிற்சாலை மெஷினுக்குப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், எத்தனை பொட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இது பச்சை இரும்பு. எண்ணெய் பூசி வைக்க வேண்டிய இரும்புக்கு ஈரச் சந்தனம் பூசி ஒரு நாள் முழுக்க விட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். துடைத்துப் பார்த்தால் பொட்டு இருந்த இடத்தில் மூன்று துருக் குழி. எவ்வளவு தேய்த்தும் பழுப்பு போகவில்லை.

அவள் வருவதற்கு முதல் நாள் பின்கட்டைக் காலி செய்யப் போனேன். ஒரு மணி நேர வேலை. ஒரு கிளாம்பைக் கழற்றினேன். பிறகு திரும்ப மாட்டிவிட்டேன். அவள் பார்க்கட்டும் என்று தோன்றியது. பார்த்துவிட்டுத் திட்டட்டும். 'என் இடத்த என்னா பண்ணி வச்சிருக்கீங்க' என்று கத்தட்டும். எனக்கு வேண்டியது அந்த 'என் இடம்' மட்டும்தான். அதை அவள் வாயால் கேட்டுவிட்டால் இன்னும் இரண்டு வருடம்கூடத் தனியாக இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை வந்தாள். பையை வைத்துவிட்டு நேராகப் பின்னால் போனாள். தங்கமீன் திரையை விலக்கிப் பார்த்தாள். மேடையில் ஒரு விரலால் கோடு இழுத்தாள். விரல் கறுப்பாகியது. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"நல்லாத்தான் அமைச்சிருக்கீங்க" என்றாள். "காத்து வருதா இங்க? மூச்சு முட்டலயே?"

நான் பேச்சை மாற்றக் கத்தியை எடுத்து, பிடிப் பக்கம் அவளுக்கு வரும்படி நீட்டினேன். "கீழ வைங்க" என்றாள். இரும்பைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது அவள் நம்பிக்கை. மேடையில் வைத்தேன். எடுத்துத் திருப்பினாள். மூன்று பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தாள்.

"சந்தனம் வச்சீங்களா?"

தலையாட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பின்கட்டில் இரண்டு வருடமாக யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பயித்தங்காயை எடுத்து நான்கு வெட்டு வெட்டினாள். "கனம் சரியா இருக்குங்க. அங்க இருக்கிற கத்தி ஒண்ணும் உருப்படியா இல்ல. இத எடுத்துட்டுப் போறேன்."

இந்த வீட்டு அடுப்படிக்காகச் செய்த கத்தி. சரி என்றேன்.

பிறகு கிரைண்டர் பெஞ்சில் கையை ஊன்றினாள். ஆடியது.

"இது ஏன் ஆடுது?"

"போல்ட் போடல."

"நீங்களா போல்ட் போடாம வச்சிருக்கீங்க?" என்று ஆச்சரியப்பட்டாள். "மேடையிலயே ஓட்ட போட்டு இறுக்கிடுங்க. கை கிய் பட்டுச்சின்னா யாரு பாக்கிறது? அந்த அடுப்பயும் யாருக்காச்சும் குடுத்திடுங்க, சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு."

அக்கறையாகத்தான் சொன்னாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"அடுப்பக் குடுத்திட்டா நீ வந்து எங்க சமைப்ப?" என்று கேட்டேன். இரண்டு வருடமாகக் கேட்காத கேள்வி.

அவள் கத்தியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு அங்க பிடிச்சிருக்குங்க" என்றாள். "காலையில எழுந்தா நாலு பேரு என் வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. உங்க மேல கோவம்னு நெனைக்காதீங்க. கோவமே இல்ல. நீங்க அங்க வந்திடுங்களேன்."

"மக வீட்டுல, பதினோராவது மாடியில, மெஷின எங்கலா வைக்கிறது?" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்காகக் காத்திருக்கும்போது பொழுது போகட்டும் என்று பிடித்த வேலையை, அவளோடு போகாமல் இருப்பதற்குக் காரணமாகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுக்குப் பஸ். கிளம்புவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் சமையலறையில் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டாள். நின்றபடியே குடித்தோம். கோப்பைகளைக் கழுவினாள். நீர் சொட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காலியான அலமாரியைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி,

"இத எங்க வைக்கணும்?" என்று கேட்டாள்.

அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், பதில் சொல்லிப் பழக்கம் இல்லை. பிளாஸ்டிக் பெட்டியைக் கை காட்டினேன். அவள் கோப்பையைத் துடைத்து உள்ளே வைத்தாள். தூசு போகாமல் இருக்க மூடியின் நான்கு மூலையையும் அழுத்தி மூடினாள்.