பதினாறு சார்டின் டின்கள்

வெளிநாட்டில், ஹென்டர்சன் என்ற புறநகரில் ஒரு பிரின்ட் கடையில் என் சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது, முதலாளி ஓர் ஓவியத்தைக் கட்டிங் மெஷினில் வெட்டிவிட்டார்.

முதலாளி மோகன் அண்ணன், மலேசியத் தமிழர்; பேச்சின் கடைசியில் ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். "இந்த வேலைய சுத்தமா முடி தம்பி, விசாவுக்கு வேலை ஆஃபர் லெட்டர் தரேன்" என்றிருந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். விசா இல்லாமல் ஊர் திரும்பினால், படிப்பின் மேலேயே வீட்டில் சந்தேகம் வந்துவிடும்.

வேலை கொடுத்தவர் க்ளேர் என்ற பிரெஞ்சுப் பெண். மறுநாள் வெஸ்ட்கேட்டில் கஃபே திறக்கிறார். சுவருக்கு ஒரு பெரிய போஸ்டர்: ஒரே சார்டின் டின், பதினாறு தடவை, பதினாறு கலரில்.

"பிரெஞ்சுன்னா ஈஃபில் டவர்தானே லா?" என்றார் அண்ணன்.

படித்ததைச் சொன்னேன். அறுபதுகளில் அமெரிக்க ஓவியர்கள் சூப் டின்னையும் காமிக்ஸையும் விளம்பரத்தையும் ஓவியமாக்கினார்கள்; பாப் ஆர்ட் என்று அதற்குப் பெயர். பாரிஸ்காரர்கள் அந்தப் பளீர் கலரையும் திரும்பத் திரும்ப வரும் படத்தையும் எடுத்துக்கொண்டு, தங்கள் ஊர் அரசியலையும் கேலியையும் அதில் ஏற்றினார்கள். போஸ்டர், பத்திரிகை அட்டை என்று எல்லா இடத்துக்கும் அது பரவியது.

"அமெரிக்காக்காரன் சூப்பு வச்சான், இவங்க மீனப் போட்டாங்க."

"கிட்டத்தட்ட அதுதாண்ணே."

புரிந்துவிட்டது என்று நம்பிச் சாப்பிடப் போனேன். ஆனால் காலமெல்லாம் விசிட்டிங் கார்டு வெட்டிய கை அவருடையது. ஒரு ஷீட்டில் ஒரே படம் பதினாறு இருந்தால் அது தானாக மெஷினுக்குப் போகும். நான் திரும்பி வந்தபோது கவுண்டரில் பதினாறு டின்களும் ரப்பர் பேண்டுக்குள் இருந்தன. எதிரே க்ளேர்.

"என் போஸ்டர் எங்கே?"

"இதான் மேடம். வெட்டுனதுக்குத் தனி சார்ஜ் இல்ல."

க்ளேரின் முகம் பதினேழாவது கலருக்குப் போனது. மன்னிப்புக் கேட்டு, அங்கேயே மறுபடி பிரின்ட் போட்டு, அவர் காரில் வைக்கும்வரை ஷீட்டை நான் கீழே வைக்கவில்லை.

மறுநாள், வீடு விற்கும் யாழ்ப்பாணத்துச் சிவா அண்ணை விசிட்டிங் கார்டு வாங்க வந்தார். மோகன் அண்ணன், அவர் முகம் போட்ட கார்டுகளை வெட்டாமல் முழு ஷீட்டாகவே சுருட்டி நீட்டினார்.

"இதை எப்பிடி பொக்கெற்றில வைக்கிறது?"

"வெட்டக் கூடாதுங்க. சுவத்துல மாட்டுங்க, பாப் ஆர்ட்டு."

"என்ர மூஞ்சை சுவர் முழுக்கவோ? மனிசி ஒண்டையே பொறுக்கிறாளில்லை!"

நான் ஷீட்டை வாங்கி வெட்டிக் கொடுத்தேன். மோகன் அண்ணன் மெஷினை விட்டுத் தள்ளி நின்றார். "எத வெட்டணும், எத வெட்டக் கூடாதுன்னு எனக்கு இனிமே தெரியாது லா. அதுக்கு நீதான் இங்க இருக்கணும். ஆஃபர் டைப் பண்ணிக் கொண்டா, கையெழுத்துப் போடறேன்."

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று: முதலாளிக்கு ஓவிய வரலாறு சொல்லுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் ஷீட்டின் மேல் 'வெட்டாதே' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.