அக்கா தேர்ந்தெடுத்த டப்பா

என் அக்காவைத் தெருவில் எல்லோரும் 'ஒட்டடைக்குச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு ஒல்லி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் பார்த்த வேலையோ ஆம்புலன்ஸில். வண்டி ஓட்டுவது டிரைவர் அண்ணன். நோயாளிக்கு ஆக்சிஜன் வைப்பதும் ஊசி போடுவதும் அக்கா. ஓடுகிற வண்டியில் நரம்பைப் பிடித்து ஊசி ஏற்றுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்குவதில்தான் தகராறு.

ஒரு மத்தியானம், லிஃப்ட் இல்லாத கட்டிடத்திலிருந்து கனத்த மனிதர் ஒருவரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் அக்காவின் கை விட்டுப்போனது. கீழே போடவில்லை, எப்படியோ படி திரும்புகிற இடத்தில் இறக்கி வைத்துவிட்டாள். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளில் ஆள் திரட்டித்தான் மிச்சப் படிகளைக் கடக்க முடிந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். அக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆபீஸில் மேலாளர் அம்மா கூப்பிட்டார். "நீ நல்லா வேலை செய்யறவ, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா பாதியில கை விட்டா ஒரு உயிர் போயிடும். போன் எடுக்கற பிரிவுக்கு மாறிக்கோ."

அவர் சொன்னதில் தப்பில்லை என்று அக்காவுக்கும் தெரியும். "உடல்தகுதித் தேர்வு வரைக்கும் டைம் குடுங்க மேடம். அதுல தோத்தா நானே போய் போன் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள்.

டயர் கடைக்கு மேலே இருந்த ஜிம்மில் சேர்ந்தாள். அங்கே கோச் ஒரு பெண். ஒரு காலத்தில் பளுதூக்கும் போட்டிகளில் கலந்துகொண்டவர். "முட்டை, மீன், பருப்புன்னு ஒழுங்கா சாப்பிட்டா புரோட்டீன் பவுடரே வேணாம்" என்றார். அந்த 'ஒழுங்கா'வுக்கு அக்கா எங்கே போவாள்? சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். தண்ணீரில் கலக்கி மடக்கென்று குடிக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் சரிப்படும் என்று, கண்ணில் பட்ட வே புரோட்டீன் டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். சாக்லேட் வாசனை, ருசியாகத்தான் இருந்தது.

வயிறு கேட்கவில்லை. உப்பியது, கடமுடாவென்று உருண்டது. ஒருநாள் வண்டியில் போகும்போது நோயாளியின் மனைவி, "தம்பி, என்ஜின்ல ஏதோ சத்தம் வருதே" என்று கேட்டுவிட்டார். டிரைவர் அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "அது என்ஜின் இல்லீங்கம்மா" என்றாராம்.

வீட்டில் அம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "உனக்குப் பாலே ஒத்துக்காதேடி. அந்தப் பவுடர எதுலேருந்து எடுக்கறாங்க?"

"பால்லேருந்துதாம்மா."

"அப்புறமென்ன!"

மறுநாள் கோச் விளக்கினார். பாலைத் திரியவைத்துச் சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீர்தான் 'வே'. அதிலிருந்து எடுக்கும் பவுடர் மூன்று வகை. கான்சன்ட்ரேட் என்பதில் பாலின் சர்க்கரையும் கொழுப்பும் கொஞ்சம் தங்கியிருக்கும். ஐசொலேட்டில் அவற்றைப் பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். ஹைட்ரோலைசேட் என்பது புரதத்தை முன்கூட்டியே சின்னச் சின்னத் துண்டாக உடைத்து வைத்தது, விலையும் அதற்கேற்ப. அக்கா முதலில் வாங்கியது கான்சன்ட்ரேட்; அதில் இருந்த பால் சர்க்கரைதான் வயிற்றைப் படுத்தியிருக்கிறது.

அன்று சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஹைட்ரோலைசேட் டப்பாவை இறக்கி, "சீக்கிரமா உடம்புல சேரும் மேடம், போட்டிக்குப் போறவங்கல்லாம் இதான் வாங்கறாங்க" என்று ஒரு சின்னக் கப்பில் கலக்கிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தவள் முகம் சுருங்கிப்போனது. ஒரே கசப்பு.

"நான் என்ன போட்டிக்கா போறேன்? மெதுவாவே சேரட்டும், பரவால்ல. ஐசொலேட் காட்டுங்க."

பொன் எழுத்தில் 'ஐசொலேட்' என்று மின்னிய டப்பாவை வைத்தார். அக்கா அதைத் திருப்பினாள். மருந்துப் புட்டியைப் படிக்கிற அதே கண்ணோடு பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

"அண்ணே, எது அதிகமோ அதைத்தானே முதல்ல போடுவாங்க? இதுல முதல்ல கான்சன்ட்ரேட்னு இருக்கே?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அட, ஆமா! இத்தனை நாள் நானே திருப்பிப் பார்க்கல போங்க" என்று சிரித்தபடி, படாடோபம் இல்லாத வெள்ளை டப்பா ஒன்றை எடுத்தார். அதில் வேறெதுவும் கலக்காத ஐசொலேட். ஒரு கரண்டியில் ஏறக்குறைய எல்லாமே புரதம். அக்கா அதையும் முழு டப்பாவாக வாங்கவில்லை. "சின்னப் பாக்கெட் குடுங்க. முதல்ல என் வயிறு என்ன சொல்லுதுன்னு கேட்டுக்கறேன்."

வயிறு வாயை மூடிக்கொண்டது, வெள்ளை டப்பா எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்தது. அதன்பிறகு அவள் பிடித்த பிடியை விடவில்லை. மழையானாலும் ஜிம், காய்ச்சல் விட்ட மறுநாளும் ஜிம். உள்ளங்கை காய்த்தது. சீருடைச் சட்டையின் கை இறுக்கிப் பிடிக்க, அம்மா தையலைப் பிரித்துவிட்டாள். பிரிக்கும்போதே, "இங்க பாருடி, உங்கக்கா கைய!" என்று என்னிடம் நான்கைந்து தடவை காட்டினாள்.

தேர்வன்று நானும் போயிருந்தேன். மணல் நிரப்பிய ஆள் உருவத்தை ஸ்ட்ரெச்சரில் கட்டி, மூன்றாம் மாடிக்கு ஏற்றி இறக்க வேண்டும். இறங்கும்போது பாரம் கீழ்முனையில்தான் விழும். டிரைவர் அண்ணன் அந்தப் பக்கம் போகப் பார்த்தார்.

"நீங்க மேல இருங்கண்ணே. கீழ நான்" என்றாள் அக்கா.

ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, பிடி தளரவில்லை. பாதி வழியில் படி திரும்புகிற இடத்தில் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்காமல் திரும்பி இறங்கினாள். கடைசிப் படி தாண்டி ஸ்ட்ரெச்சரை அலுங்காமல் தரையில் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேலாளர் அம்மா பேனாவை மூடினார். "போன் பிரிவுக்கு வேற ஆளத்தான் பாக்கணும் போல."

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "எல்லாம் அந்த வெள்ளை டப்பா பண்ணின வேலை" என்றாள். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டப்பா அலமாரியிலதாம்மா இருந்துச்சு. தூக்கினது நான்!"

சில மாதம் கழித்து டிரைவர் அண்ணன் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தார். லேசில் யாரையும் பாராட்டுகிற ஆளில்லை. வாசலில் நின்றபடியே அம்மாவிடம், "உங்க பொண்ணு கீழ்முனையப் பிடிச்சுட்டா நான் குனிஞ்சு பார்க்கறதே இல்லம்மா. பிடிச்சிருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

 மடித்து வைத்திருந்த துணியை எடுத்து அம்மா இன்னொரு தடவை மடித்தாள். பிறகு போனை எடுத்து, முதலில் பெரியம்மாவுக்குப் போட்டாள், அப்புறம் சித்திக்கு, அப்புறம் பேச்சுவார்த்தையே இல்லாத அத்தைக்கும்.