மேஜர் போட்ட கையெழுத்து

யுத்த காலத்தில் பீரங்கிப் படை ஒன்றை நடத்திவிட்டு அரசியலுக்கு வந்தவர் மேஜர். பின்னாளில் மந்திரியானார். நான் அவரிடம் தேர்தல் குமாஸ்தாவாக இருந்தபோது அவர் வெறும் வேட்பாளர்தான். வேட்டிக்கு மாறியிருந்தாலும் நடையில் பட்டாளம் போகவில்லை. யார் பேசினாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று கேட்பார்.

ஒருநாள் காலை அடையாற்று முகத்துவாரத்தில் இருந்த மீனவர் குப்பத்துக்குப் போனோம். ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில், பீரங்கி வைக்க இடம் வேண்டுமென்று அங்கிருந்த குடிசைகளைப் பிரிக்கச் சொன்னவர் அவர்தான்.

"மேலிடத்து உத்தரவுன்னு சொல்லிடுங்க சார்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் நேரே அவரிடம் வந்தாள்.

"இன்னா தொரே, அன்னிக்கு சிப்பாயோட வந்தே, இன்னிக்குக் கும்பிட்டுக்கினு வர்றே? மழையில நனைஞ்சு எம்புள்ள காய்ச்சல்ல பூட்டான். குடிசையப் பிரிக்கச் சொன்னது யாரு?"

"நான்தாம்மா. கையெழுத்துப் போட்டது நான்தான். உங்களுக்கு வேற எடம் குடுத்திருக்கணும். குடுக்கல."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த நாளில் சொத்தோ படிப்போ இல்லாதவர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்தக் குப்பத்தில் ஒரு ஓட்டுகூட இல்லை என்று முந்தின நாளே வாக்காளர் பட்டியலைக் காட்டி அவரிடம் சொல்லியிருந்தேன்.

"தெரியும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பிடலாம்" என்றார்.