வெளிப்பக்கம் திறக்கும் கதவு

நிலாவில் வீடு கட்டப் போகிறவர்கள் முதலில் கோவை உக்கடத்துக்கு வந்து இஸ்மத்திடம் அளவு கேட்டுக்கொண்டு போவது நல்லது. பிளவுஸ் தைத்துக் குடும்பம் நடத்தும் அவருக்கு வீடும் ஒரு துணிதான். உடம்பு மாறினால் பிரித்துத் தைக்க வேண்டியதுதானே!

அறுபத்திரண்டு வயதில் கணவர் கலீல் ரஹ்மானுக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. இஸ்மத் வீட்டைப் பிரித்தார். மாடிக் கட்டில் கூடத்துக்கு இறங்கியது. ஸ்விட்சுகள் இடுப்பளவுக்குத் தாழ்ந்தன. குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பிப் போட்டு, உள்தாழ்ப்பாளையும் கழற்றினார். விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால் எப்படித் தூக்குவது?

"தாழில்லாத பாத்ரூமா? மானம் போகுது இஸ்மத்து."

"மானம் இருக்கட்டுங்க. கூடவே உசிரும் இருக்கட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்த மகளின் மாமனார் விருந்துக்கு வந்தார். வந்ததுமே அந்தக் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

"எல்லா ஊட்டுலயும் கதவு உள்ள போகும். உங்க ஊட்டுல ஆள வந்து அடிக்குதுங்களே!"

பிரியாணி பரிமாறும்போது குளியலறையில் தொப்பென்று சத்தம். அப்புறம் குழாய்த் தண்ணீர் மட்டும் கேட்டது.

இஸ்மத் ஓடிப்போய் இழுத்தார். கதவு அசையவில்லை. சம்பந்தி முன்னால் மானம் காக்க, கலீல் காலையிலேயே யாருக்கும் தெரியாமல் தாழ்ப்பாளை மறுபடி முடுக்கியிருந்தார்.

"ஏனுங்க! கேக்குதுங்களா?"

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"தள்ளுங்க, ஒதைச்சு ஒடைச்சுப்போடறேன்," என்றார் சம்பந்தி.

"ஒதைக்காதீங்க! அவரு மேலதான் விழும்."

வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்குக் கீலும் வெளிப்பக்கம். இஸ்மத் தையல் மெஷின் ஸ்க்ரூடிரைவரைக் கீலின் அடியில் வைத்து, இஞ்சி தட்டும் கல்லால் அடித்தார். முதல் கீலின் கம்பி எகிறியது. இரண்டாவது பெயின்ட்டில் இறுகி மசியவில்லை. கல் விரலில் பட்டது. உள்ளே முனகல்கூட இல்லை. மறுபடி அடி. மறுபடி. மூன்றாவது கம்பியும் விழ, கதவு கீல் பக்கமாக விலகிக் கையோடு வந்தது.

கலீல் ஒருக்களித்துக் கிடந்தார். நெற்றியில் ரத்தம். கண் மெல்லத் திறந்தது.

"முதல்ல கைலியக் குடு. சம்பந்தி நிக்கறாரு."

இதை எழுதிய இளைய மகள் ரம்ஷா, பெருமையாகப் படித்துக் காட்டினாள். இஸ்மத் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்:

"எல்லாஞ் செரி கண்ணு. கம்பிய நானா அடிச்சேன்? எனக்குத்தான் ஒரு அடியும் நேரா உழுகலயே. பெத்தவர 'அத்தா, அத்தா'ன்னு கூப்புட்டு அழுதுட்டே மூணையும் அடிச்சுக் கழட்டுனது யாரு?"