சைக்கிள் பயணத்துக்கு அவித்த இடியப்பம்

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வசந்தி குசினியில் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. ஆனால் இரண்டு கன்னத்திலும், காதடியில் இருந்து நாடிவரை ஒரு மெல்லிய கோடு... அங்கே மட்டும் பழைய நிறம்.

சைக்கிள் ஹெல்மெட்டின் வார்!

"எங்க போனனீர்?"

"வைஹெக்கிக்கு."

"யாரோட?"

"தனியத்தான்."

தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுத் தன் கோப்பையோடு பின்வளவுக்குப் போய்விட்டாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

வைஹெக்கி தீவு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆக்லாந்து நகர மையத்தில் ஃபெரி ஏறினால், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். குன்றெல்லாம் திராட்சைத் தோட்டம், கீழே கடல். இறங்கும் இடத்திலேயே பேட்டரி சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ஏறக்கூடிய மேட்டில் ஏறலாம், முடியாத மேட்டில் இறங்கி உருட்டலாம், கடலோரமாக நடக்கலாம். மாலையில் திரும்பிவிடலாம்.

வசந்திக்கு பாட்டனி டவுன்ஸில் கடை வேலை. ஊருக்கெல்லாம் லீவான சனிக்கிழமைதான் அவளுக்கு அதிக வேலை. அப்படிப்பட்டவளுக்குப் போன மாதம் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. அது தெரியவந்த அன்றைக்குத்தான் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நாங்கள் ரெண்டு பேரும் வைஹெக்கி போவமே? சைக்கிளில. அங்க தோட்டத்துக்குள்ள மேசை போட்டிருக்கினமாம். ஒரு கிளாஸ் வைன் வாங்கி... அரைவாசி நீங்கள், அரைவாசி நான். சும்மா குடிச்சுப் பாப்பம்."

வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. மகன் வெலிங்டனில். அப்படியிருந்தும் அந்தக் கடைசி வரியைக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்!

பிறகு நடந்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன். கராஜில் கிடந்த மகனின் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தாள். பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓடியவள்தான். ஆனால் இங்கே வந்த பிறகு கார் ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்ததில்லை. வேலை முடிந்து வந்து, எங்கள் வீடிருக்கும் ஹில்ஸ்பரோ இறக்கத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய், ஒனேஹங்கா கடற்கரைப் பாதையில் ஓடிப் பழகினாள். ஒரு நாள் முழங்கால் உரஞ்சிக்கொண்டு வந்து நின்றாள். "விழுந்திட்டன்" என்று சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு. அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலம்! இரண்டு சைக்கிளுக்கும் புக்கிங் செய்தாள். ஹெல்மெட்டும் வாங்கினாள்.

நான் என்ன செய்தேன்?

அந்தச் சனிக்கிழமைக்கு எட்டு நாள் முந்திய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அவளுக்கு வேலை, நான் மட்டும். பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது, எனக்கு முன்னால் நின்ற சிவா அண்ணை கேட்டார்.

"என்ன தம்பி, அடுத்த கிழமை சனி என்ன புரோகிராம்?"

சும்மா வீட்டில்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு கேட்டால்தானே?

"வைஹெக்கி போறம் அண்ணை."

அதோடு விட்டேனா? நாங்கள் போகிற இடத்தைச் சொல்லிவிட்டு, எதிரே நிற்பவரைக் கூப்பிடாமல் விட நம்மவர்களால் முடியுமா? ஒரு மரியாதைக்கு, "நீங்களும் வாங்கோவன்" என்றேன். அதற்கு "ச்சே, நீங்கள் போட்டு வாங்கோ, நாங்கள் பிறகு ஒரு நாள் பாப்பம்" என்று மறுப்பதுதான் முறை. காலம் காலமாக அப்படித்தான் நடக்கிறது. எங்கள் மரியாதையே அந்த மறுப்பை நம்பித்தான் ஓடுகிறது.

சிவா அண்ணை மறுக்கவில்லை.

"அட, நல்லதாப் போச்சு! எங்கட ஆக்களும் கனநாளாக் கேட்டுக்கொண்டிருக்கினம்."

பின்னால் தட்டோடு நின்ற மதுரைக்கார முரளி காதில் அது விழுந்துவிட்டது. "சார், நாங்களும் வர்றோம் சார். பசங்க செம ஹேப்பி ஆயிடுவாங்க!"

மறுநாளே வாட்ஸ்அப் குழு. வேன், மூன்று கார். எல்லாம் ஹாஃப் மூன் பேயில் இருந்து வாகனம் ஏற்றும் ஃபெரியில். அதாவது, வசந்தி தினமும் வேலைக்குப் போகிற அதே பக்கம்!

அவளிடம் எப்படியோ சொன்னேன். "அதுகள் வரட்டும். நாங்கள் ரெண்டு பேரும் நடுவில சைக்கிள் எடுத்துக்கொண்டு நைசா நழுவிடுவம்."

என்னைப் பார்த்தாள். "ஓம்" என்றாள். அவ்வளவுதான். பிறகு போனை எடுத்து சைக்கிள் புக்கிங்கை கான்சல் செய்தாள். "கூட்டத்தை விட்டிட்டு நாங்கள் போனா என்ன நினைப்பினம்?" என்றாள். என் வியாதி அவளுக்கும் கொஞ்சம் தொற்றியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை விடியமுன்னம் எழும்பி இடியப்பம் அவித்தாள். கூப்பிட்டவர்கள் நாங்கள் அல்லவா? இடியப்பம், சம்பல், சொதி. தீவின் கடற்கரையில் பாய் விரித்தார்கள். ரைஸ் குக்கர்கூட வந்திருந்தது. மற்றவர்கள் கடலில் இறங்கினார்கள். வசந்தி பரிமாறினாள். பிறகு பைகளுக்குக் காவல் இருந்தாள். "நீர் வாரும், கொஞ்சம் நடப்பம்" என்றேன். "ஆர் சாமான் பாக்கிறது?" என்றாள்.

பின்னேரம் எல்லோருக்கும் தோட்டம் பார்க்க ஆசை வந்தது. வேனில் ஏறி ஒரு வைன் தோட்டத்துக்குப் போனோம். திராட்சைக் கொடி முன்னால் விதம் விதமாகப் படம் எடுத்தோம். யாரோ கைப்பையில் இருந்து வடையை எடுக்க, அங்கே வேலை செய்த பெண் ஓடிவந்து, வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று பணிவாகச் சொன்னாள்.

அப்போது இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். வியர்த்து வழிய வந்து, சைக்கிளை வேலியில் சாத்தினார்கள். ஒலிவ் மரத்துக்குக் கீழே இருந்த மேசையில் அமர்ந்து, ஒரு கிளாஸ் வாங்கி நடுவில் வைத்தார்கள். பேசக்கூட இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியளே? பட்டப்பகலில!" என்று சிவா அண்ணை சிரித்தார். நல்ல மனிதர், பாவம். அவருக்கு என்ன தெரியும்?

வசந்தியும் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை எடுக்கவே இல்லை. "என்ன வேணும் உமக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாத கேள்வி.

"தண்ணி," என்றாள்.

திரும்பும்போது ஃபெரியில் எல்லோரும் ஒரே பாராட்டு. "வசந்தி அக்கா, இடியப்பம் சூப்பர்! அடுத்த மாசமும் போலாம் சார்!" அவள் எல்லோருக்கும் சிரித்தாள். முழங்காலை உரஞ்சிக்கொண்டு வந்து சிரித்த சிரிப்பு அல்ல அது. நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

நாங்கள் ஏன் இப்படி இருக்கிறோம்? ஒரு வேன் நிறையாவிட்டால் அது பயணமே இல்லை நமக்கு. இரண்டு பேர் மட்டும் போனால், ஒளித்துப் போகிறார்கள் என்று அர்த்தம். ஊரார் என்ன நினைப்பார்களோ என்று இத்தனை பார்க்கிறோம். பக்கத்தில் இருப்பவள் என்ன நினைப்பாள் என்று அந்தக் கோயில் வரிசையில் ஒரு கணம் நான் நினைத்தேனா? இல்லை. சத்தியமாக இல்லை.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நானும் கோப்பையோடு பின்வளவுக்குப் போய் அவள் பக்கத்தில் அமர்ந்தேன்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே? நானும் லீவு போட்டிருப்பன்."

"சொல்லியிருப்பன்," என்றாள். "நீங்கள் கோயிலில சொல்லியிருப்பியள். நான் திரும்பவும் இடியப்பம் அவிச்சிருப்பன்."

தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தேன்.

"வைன் குடிச்சனீரே?"

"ஒரு கிளாஸ் வாங்கினன். அரைவாசி குடிச்சன்."

"மிச்சம்?"

"வைச்சிட்டு வந்திட்டன்."

அது எனக்கு வைத்த பாதி.

இதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்து கொடுத்தேன்... நீங்களும் தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.