வதனிச் சித்தியின் ‘ஓம்’

அம்மாவின் உள்ளங்கையில் எப்போதும் புளித்த கஞ்சியின் வாசனை இருக்கும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி அது. எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலிடுக்கில் தங்கிவிடும். ஒரு பட்டப்பகலில், நடுவழியில் நிறுத்தப்பட்ட பஸ்ஸுக்குள், அந்தக் கை என் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடியது. எனக்கு அப்போது ஆறு வயது. என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. இன்றைக்கும் கஞ்சி வாசனை வந்தால் எனக்குப் பயம்தான் வருகிறது.

அந்த வருஷக் கோடையில், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில், தேர்தல் கூட்டத்துக்கு வந்த பெரிய தலைவர் ஒருவரைக் குண்டு வைத்துக் கொன்றிருந்தார்கள். அதுவரை ‘பாவம், சிலோன்காரங்க’ என்று இரக்கப்பட்ட காஞ்சிபுரம், அதன்பிறகு அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லப் பயந்தது. வாடகைக்கு வைத்திருந்தவர்கள் ஒரே வாரத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வதனி வந்து சேர்ந்தாள்.

அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். சண்டை முற்றுவதற்கு முன்பு கல்யாணக் கூறைப்புடவை எடுக்க வருஷம் தவறாமல் என் அப்பாவைத் தேடி வருவாராம். வதனி தன் கல்யாணத்துக்குக் கட்டியதும் என் அப்பா நெய்த புடவைதான். இப்போது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. கனடா போய்ச் சேர்ந்துவிட்ட கணவன் அவளையும் அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருக்கவேண்டும். போலீசில் பதிவு செய்யாதவள், பிடிபட்டால் கனடா கனவு அதோடு சரி, இடம் கொடுத்த அப்பாவையும் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அம்மா அடிக்குரலில் சொல்வது என் காதில் விழும்.

“யாரு கேட்டாலும் திருநெல்வேலி சித்தின்னு சொல்லு, இன்னா?” என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சித்தி வாயைத் திறந்தால்தான் ஆபத்து. அதிலும் ‘ஆமா’வுக்குப் பதில் அவள் சொல்லும் அந்த ‘ஓம்’ இருக்கிறதே! சாப்பிட்டாயா என்றால் ஓம், தூக்கம் வருகிறதா என்றால் ஓம். எனக்குத் தெரிந்த ஓம் கோயிலில் சொல்வது. “ஏன் சித்தி எப்பப் பாரு சாமி கும்பிட்டுக்கினே இருக்குற?” என்று நான் கேட்டபோதுதான், எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

அந்த ‘ஓமை’ மாற்றும் வேலை என்னிடம் வந்தது. சித்தி ‘ஓம்’ என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு கடலை மிட்டாய் தரவேண்டும். ‘ஆமா’ என்று சொன்னால் நான் கைதட்டவேண்டும். முதல் வாரம் தின்றே பல் கூசிப்போனது. மூன்றாவது வாரம் தட்டித்தட்டிக் கை சிவந்தது. ஒன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரும் எனக்கு, ஒரு பெரிய மனுஷிக்கே வாத்தியார் ஆகிவிட்ட பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் சித்தியின் கால் வீங்கிவிட்டது. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காட்டிவரலாம் என்று அம்மா கிளம்ப, நானும் தொற்றிக்கொண்டேன். வாலாஜாபாத்துக்கு முன்னால் செக்கிங். கழுத்தில் துண்டு போட்டிருந்த ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு சீட்டாக விசாரித்தபடி எங்களிடம் வந்தார்.

“நீ எந்த ஊருமா?” என்று சித்தியைக் கேட்டார்.

“திருநெல்வேலி.”

“அங்கேருந்து இங்கியா பிரசவத்துக்கு வந்துகீற?”

“ஆமா,” என்றாள் சித்தி. அசல் காஞ்சிபுரத்து ஆமா.

நான் படபடவென்று கைதட்டினேன். “அம்மா, சித்தி ‘ஓம்’ சொல்லவே இல்ல பாத்தியா! ‘ஆமா’ன்னு சொல்லிடுச்சி!”

அப்போதுதான் அந்தக் கை வந்து விழுந்தது. போலீஸ்காரர் குனிந்தார். “கைய எடும்மா. பாப்பா, யாரு ஓம் சொல்லுவாங்க?”

நான் அம்மாவைப் பார்த்தேன். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. சித்தி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்திருந்தாள். என் பாவாடை நனைந்தது. அம்மா முந்திக்கொண்டு, “வூட்ல ஓம் நமச்சிவாயா சொல்லிக்கினே இருப்பாங்க சார், அதத்தான் ஒளறுது,” என்றாள். அவர் சித்தியின் வயிற்றையும் என் காலடி ஈரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு இறங்கி, பஸ்ஸைத் தட்டிப் போகச் சொல்லிவிட்டார். புரியாமல் விட்டாரா, புரிந்துதான் விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வாலாஜாபாத்திலேயே இறங்கித் திரும்பினோம். பஸ்ஸில் எங்கள் தெருக்காரர் யாராவது இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதே அடுத்த மூன்று நாளும் வீட்டில் பேச்சு. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் அப்பாவின் தறிச் சத்தம் நின்றுவிடும். அது மறுபடி கேட்கும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பேன். என்னை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. சித்திதான் என்னை மடியில் இழுத்து, “அழாதேங்கோ பிள்ளை, நீங்கள் ஒண்டும் பிழையாச் சொல்லேல்ல,” என்று ஒரு கடலை மிட்டாயைக் கையில் வைத்தாள்.

போன மாதம் ஷேர் ஆட்டோவில் போகும்போது, என் ஐந்து வயது மகள், எதிரே கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண்ணைக் காட்டி, “அம்மா, இவங்க இந்திக்காரங்களா? இவங்கதான் திருடுவாங்களா?” என்று உரக்கக் கேட்டாள். எங்கே கேட்டுக்கொண்டு வந்தாளோ! நான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ, குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. எனக்கு வெட்கத்தை விடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

வாலாஜாபாத் செக்கிங் இப்போது இல்லை. பின்னறையை இடித்து மாடிப்படி கட்டிவிட்டோம். சித்தி கனடா போய்ச் சேர்ந்தாளா, குழந்தை பிறந்ததா என்று ஒரு தகவலும் இல்லை. கடிதம் வந்தாலே ஆபத்து, எழுதவேண்டாம் என்று அப்பாதான் சொல்லி அனுப்பியிருந்தார்.

பஸ்ஸில் அப்படி ஆன நான்காம் நாள் காலை, அவளை வேறிடத்துக்கு அழைத்துப்போக அப்பா ஏற்பாடு செய்த கார் வந்து நின்றபோது, நான் பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்றிருந்தேன். அவள் கையில் ஒரு வயர்கூடை மட்டும் இருந்தது. “சாயந்திரம் வந்துடுவியா சித்தி?” என்று கேட்டேன்.

“ஆமா,” என்றாள்.

நிஜமாக இருந்தால் ‘ஓம்’ என்றுதான் வந்திருக்கும். அது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. சரியாகச் சொல்லிவிட்டாள் என்று நான் கைதட்டினேன்.